அடுப்பை அணைத்துவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று உன்னிடம் ஐயாயிரம் வாங்கிப் போனவரை மறுநாளே ஒயின்ஷாப் வாசலில் பார்த்திருக்கிறாய். "இனிமே யாருக்கும் பத்துப் பைசா கிடையாதுண்ணே" என்றாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு அது.

எனக்கு வடலூர் ஞாபகம்தான் வந்தது. 1867 மே 23 அன்று பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் அங்கே சத்திய தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. அவர் 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகும் யார் யாரோ விறகு வைத்தார்கள், அரிசி மூட்டை இறக்கினார்கள், காய் நறுக்கினார்கள். நான் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நீ யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, "இன்னும் வைக்கட்டுமா?" என்றார்கள். அவ்வளவுதான்.

பசியை அவர் ஏழையின் உடம்புக்குள் பற்றி எரியும் நெருப்பு என்றார். அதைச் சாப்பாட்டால் அவிப்பதுதான் ஜீவகாருண்யம், உயிர்கள்மேல் வைக்கிற இரக்கம். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் அந்த ஆள் நல்லவனா என்று விசாரித்துவிட்டா தண்ணீர்க் குடத்தைத் தூக்குவோம்?

பசித்தவரிடம் நான்கு பேதம் பார்க்காதே என்கிறார் வள்ளலார்: தேசம், சமயம், சாதி, செய்கை. முதல் மூன்றை மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். நான்காவதில்தான் நாம் எல்லாரும் தடுக்கி விழுகிறோம், நானும் சேர்த்துத்தான். சாதி பார்க்காமல் கொடுப்பவர்கூட "இவன் யோக்கியனா?" என்று பார்க்காமல் கொடுப்பது அபூர்வம். கருணை நம் சுபாவமாகவே ஆகிறதா, அல்லது நல்லவர்களுக்கு நாம் தருகிற பரிசாகவே நின்றுவிடுகிறதா என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காசை அள்ளிக் கொடு என்று சொல்லவில்லை. வள்ளலார் வருகிறவர் கையில் துட்டைத் திணித்து அனுப்பவில்லை, இலை போட்டார். பசிக்கு எது மருந்தோ அதைக் கொடுத்தார். நீயும் அன்றைக்குக் காசு கேட்டவரோடு ஆஸ்பத்திரிக்கே போய் பில்லைக் கட்டியிருக்கலாம். நேரம் இல்லை, அதனால் பணமாகக் கொடுத்துவிட்டாய். அது அவசரம், தப்பில்லை. நல்ல மனசுக்கு யோசனையும் வேண்டும், கொஞ்சம் கூடவே நடக்கவும் வேண்டும்.

இரக்கம் வருவது பெரிய விஷயம் இல்லை தம்பி. எல்லாருக்கும் வரும், டீ ஆறுவதற்குள் போயும் விடும். தருமசாலை அடுப்பு யாரையாவது பார்த்து இரக்கம் வந்தபிறகு மூட்டுகிற அடுப்பு இல்லை. பசித்தவர் வாசலுக்கு வருமுன்பே எரிந்துகொண்டிருக்கிறது. வருகிறவரில் ஒருத்தர் குடித்துவிட்டு வந்தார் என்று அன்றைக்கே அதை அணைத்திருந்தால், மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவளுக்கு யார் பதில் சொல்வது?

உன் தெருமுனையில் இட்லிக்கடை போடும் அக்காவின் மகளுக்குக் கல்லூரிப் பீஸ் கட்டுவதாகச் சொல்லியிருந்தாயே. நேற்று அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை உன்னை ஏமாற்றவில்லை. பீஸ் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று நாளைக்கே கேட்டுச் சொல். பாதி நான் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்