இரண்டாம் சுற்று முடித்து ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

வணக்கம். சென்னையிலோ கோவையிலோ இரண்டாவது நேர்காணலை முடித்துவிட்டுக் காரைக்குடி வந்து இறங்கிய நாளிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாமாகக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டுப் பேசியவர்களிடம் முடிவு எப்போது என்று கேட்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. கேட்கும் விதம்தான் முக்கியம்.

அறையை விட்டு எழும்போதே, எப்போது முடிவு தெரியும், யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டுவிட வேண்டும். பேசியவர்களின் பெயரை எழுத்துப் பிசகாமல் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வியில் அதிக நேரம் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி மறந்துபோகும்.

24 மணி நேரத்துக்குள் நன்றி மெயில் போக வேண்டும். ஆறேழு வரி போதும். "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்பதோடு நிறுத்தினால் அது யார் அனுப்பிய மெயிலாகவும் இருக்கலாம். கணக்குப் பிரிவு வேலை என்றால் இப்படி இருக்கட்டும் (டாலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள்): "கிளைகளின் சரக்கு இருப்பு மாதக் கடைசியில் ஒத்துவரவில்லை என்றீர்கள். டாலியில் கிளைக்கு ஒரு குடோன் வைத்து வாரம் ஒருமுறை சரிபார்த்தால், எந்தக் கிளையில் வித்தியாசம் என்று உடனே பிடிபடும்."

தப்பாகச் சொன்ன பதிலைத் திருத்தவும் இதுதான் இடம். ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவங்கள் இரண்டின் தேதியை மாற்றிச் சொல்லியிருந்தால் இப்படி: "மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 11-ஆம் தேதி என்று சொல்லிவிட்டேன். அது ஜிஎஸ்டிஆர்-1-க்கான தேதி, 3பி-க்கு 20." இவ்வளவு போதும், மன்னிப்பு நீள வேண்டாம். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்பவரைக் கணக்கு வேலையில் யாரும் லேசாக நினைக்கமாட்டார்கள். மூன்று பேர் பேசியிருந்தால் மூவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே வாசகத்தை மூவருக்கும் அனுப்பினால் அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும்போது தெரிந்துவிடும்.

அடுத்தது காத்திருப்பு. அவர்கள் சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் பொறுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம். அதன்பின் பழைய மெயிலுக்கே பதிலாக மூன்று வரி: எந்தப் பதவி, எந்த நாள் நேர்காணல், முடிவு எந்த நிலையில் இருக்கிறது. புதிய மெயிலாக அனுப்பினால் பார்ப்பவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இன்னொரு வாரம் கழித்து ஒரே ஒரு போன். அதற்கும் பதில் இல்லையா, மற்ற விண்ணப்பங்களைப் பாருங்கள். மௌனம் என்றாலே நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; சம்பளத்துக்கு மேலிட ஒப்புதல் வராமலோ, கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருப்பதாலோ பல கோப்புகள் நிற்கின்றன. கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் வேலை என்றால் நேரம் பாருங்கள். நமக்குக் காலை 10 மணி, அங்கே மதியம் 12.30, சாப்பாட்டு நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். வெள்ளிக்கிழமை பிற்பகலில் அனுப்பினால் திங்கள்வரை கிடக்கும்.

வீட்டில் இருக்கும் அப்பச்சி, அம்மான், சித்தப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். "அங்கே நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், ஒரு வார்த்தை சொல்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். உங்கள் அக்கறை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தனக்காகத் தான் பேசத் தெரியாத பிள்ளை என்ற எண்ணம்தான் அங்கே விழும். டிஎன்பிஎஸ்சி போன்ற அரசுத் தேர்வுகளில் சிபாரிசு தேடினால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். முடிவை இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.

வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்லி வரும் மெயிலுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணி ஆணை கையில் வந்து, சம்பளமும் சேரும் தேதியும் படித்துப் பார்க்கும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா சொன்னபின் வேலை பார்க்க வேண்டிய காலம், 60 நாளா 90 நாளா என்பதையும் பழைய ஆணையில் பார்த்துவையுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடிதத்தை மடிக்குமுன் மெயிலில் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதில் ஏற்கெனவே அங்கே வந்து கிடக்கலாம்.

அன்புடன்,
காரைக்குடி வட்டாரத்தில் நேர்காணல் பயிற்சி தருவோர்