பழைய இசைக்கருவியின் தந்தமும் எல்லையில் கேட்கப்படும் சான்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யானைத் தந்தம் பதித்த பழைய இசைக்கருவிகளை நாடு விட்டு நாடு கொண்டு செல்வது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நரம்புக் கருவிகளையும் அவற்றின் வில்களையும் பழுதுபார்ப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அக்கட்டுரையின் நோக்கத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் இரண்டு செய்திகள் தவறாக உள்ளன. நூறு ஆண்டுகளைக் கடந்த கருவிக்கு எந்தத் தாளும் தேவையில்லை என்பது ஒன்று. 200 கிராமுக்குக் குறைவான தந்தம் இருந்தால் எல்லையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. இவற்றை நம்பிப் புறப்படும் கலைஞர் ஒருவர் கருவியைச் சுங்க அதிகாரியிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு மேடையேற நேரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் பாதுகாப்புச் சட்டம் தொல்பொருள்களுக்குத் தரும் விலக்கில் நூறு ஆண்டு என்ற வரம்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ள சைட்டிஸ் ஒப்பந்தம் பொருளின் வயதைக் கேட்பதில்லை; அந்தத் தந்தம் காட்டிலிருந்து எடுக்கப்பட்டபோது அந்த யானை இனம் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருந்ததா என்றே கேட்கிறது. ஆசிய யானைக்கு அந்த நாள் 1975 ஜூலை 1. ஆப்பிரிக்க யானைக்கு 1976 பிப்ரவரி 26. பலர் நினைவில் வைத்திருக்கும் 1990, ஆப்பிரிக்க யானை அந்தப் பட்டியலின் மிகக் கடுமையான பிரிவான முதல் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்ட ஆண்டு மட்டுமே. ஆகவே 1983-இல் எடுக்கப்பட்ட தந்தத்தால் செய்த கருவியை அந்நாளில் முறைப்படி வாங்கியவர்கூட, இன்று அதை ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிய யானையின் தந்தத்தையும் ஆப்பிரிக்க யானையின் தந்தத்தையும் செதுக்கி மெருகிட்ட பிறகு கண்ணால் பிரித்தறிய இயலாது. மரபணுச் சோதனைக்குத் துகள் சுரண்ட வேண்டும். எனவே விவரம் அறிந்தவர்கள் முந்தைய நாளான 1975-ஐயே வரம்பாகக் கொண்டு ஆவணம் திரட்டுகிறார்கள். அப்படி நிரூபித்தாலும் தாளின்றிச் செல்லும் உரிமை கிடைத்துவிடாது. வழக்கமான உரிமத்துக்குப் பதிலாக, ஒப்பந்தத்துக்கு முந்தையது எனும் சான்றிதழைப் பெற வேண்டும், அவ்வளவே.

எடைக் கணக்கும் இப்படித்தான் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 200 கிராம் என்பது அமெரிக்கா 2016 ஜூலையில் நடைமுறைப்படுத்திய விதியில் உள்நாட்டு விற்பனைக்கு வைத்த வரம்புகளில் ஒன்று. பிரிட்டனின் தந்தச் சட்டம் 1975-க்கு முன் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்குச் சொல்லும் 20 விழுக்காட்டுக் கன அளவும் விற்பனையைப் பற்றியதே. எல்லையைக் கடப்பதற்கு இவ்வளவு கிராம் வரை பரவாயில்லை என்ற சலுகையை ஒப்பந்தம் தரவில்லை. வயலின் வில்லின் முனையில் ஒட்டப்படும் தகடு ஒரு கிராம்கூடத் தேறாது. மெல்லிய மரமுனை உடையாமல் காப்பதும், குதிரைமயிர்க் கற்றையைச் செருகும் குழிக்குக் கரை கட்டுவதுமே அதன் வேலை. அந்த ஒரு துளிக்கும், 52 வெள்ளைக் கட்டைகளிலும் தந்தம் போர்த்திய பியானோவுக்கும், குழலின் மேல் முனையில் தந்த வளையம் இட்ட பழைய பஸ்ஸூன் எனும் ஊதுகருவிக்கும், குழல்தோறும் தந்தப் பூண் கட்டிய பேக்பைப்புக்கும் ஒரே கேள்விதான் எழும்: தாள் எங்கே?

அந்தத் தாளைப் பெறும் வழி இப்போது முன்பைவிட எளிது. 2013-இல் பாங்காக்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு இசைக்கருவிச் சான்றிதழ் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அதற்கு முன் ஐந்து நாடுகளில் கச்சேரி செய்யப் போகும் கலைஞர் ஒவ்வோர் எல்லைக்கும் தனித்தனியே ஏற்றுமதி, இறக்குமதி, மறுஏற்றுமதி ஆவணங்களைத் தேட வேண்டியிருந்தது. இப்போது கடவுச்சீட்டைப் போல ஒரே சான்றிதழ். மூன்று ஆண்டு வரை செல்லும். பலமுறை போய் வரலாம். வாசிப்பு, பயிற்றுவித்தல், போட்டி, காட்சி போன்ற வணிக நோக்கமற்ற பயணங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கருவி அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் விற்கவோ கைமாற்றவோ கூடாது. காலம் முடியுமுன் சான்றிதழ் வழங்கிய நாட்டுக்கே அது திரும்பிவிட வேண்டும்.

இத்தனை நிபந்தனைகளிலும் கலைஞர்கள் தவறவிடுவது பெரும்பாலும் முத்திரையைத்தான். ஒவ்வோர் எல்லையிலும் சுங்க அதிகாரி கருவியைப் பார்த்துச் சான்றிதழின் இணைப்புத் தாளில் மேலொப்பம் இட வேண்டும். நள்ளிரவில் இறங்குபவர், சுங்கத்திடம் அறிவிக்க எதுவும் இல்லாதோருக்கான பச்சை வழியில் யாரும் நிறுத்தவில்லையே என்ற மகிழ்ச்சியில் வெளியே வந்துவிடுகிறார். அடுத்த எல்லையில், இந்த வில் அந்த நாட்டுக்குள் எப்போது நுழைந்தது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அதோடு, எந்த வாயில் வழியாகவும் நுழையலாம் என்பதும் இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் குறித்த துறைமுகங்களும் விமான நிலையங்களுமே வனவிலங்குப் பொருள்களுக்கு உரியவை. 2014 ஆகஸ்டில் கனடாவில் வாசித்துவிட்டு வெர்மான்ட் எல்லை வழியே திரும்பிய இரண்டு அமெரிக்க இளைஞர்களின் பேக்பைப்புகள் பறிமுதலாகிப் பிறகு திரும்பக் கிடைத்தன. அவர்கள் வந்த வாயில் அதற்கு உரியதல்ல என்பதே அன்று எழுந்த சிக்கல். அதே ஆண்டு கோடையில் புடாபெஸ்ட் திருவிழா இசைக்குழுவினரின் ஏழு வில்கள் நியூயார்க் விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. அபராதம் கட்டிய பிறகே அவை கைக்கு வந்தன. அமெரிக்கா அந்த ஆண்டு பிப்ரவரியில் விதிகளை இறுக்கி, மே மாதத்திலேயே ஓரளவு தளர்த்தியிருந்தது. பழைய செய்தியை நம்பிப் பயணம் செய்வது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவரின் உண்மையான தலைவலி தந்தம் எடுக்கப்பட்ட காலத்தை நிறுவுவதுதான். யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கோடுகள் தெரியும். அவை சந்திக்கும் கோணம் யானையில் 115 பாகைக்கு மேலும், அழிந்துபோன யானை உறவினமான மாமதத்தில் (மம்மத்) 90 பாகைக்குக் கீழும் இருக்கும் என்பது சோதனையாளர்களின் அளவுகோல். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள, நெடுக்கு வாட்டில் வெட்டிய வில்முனைத் தகட்டில் அந்தக் கோடுகளைத் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சி. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் ஏற்றிய கார்பன்-14 அளவைக் கொண்டு தந்தத்தின் காலத்தைக் கணிக்க முடியும் என்றாலும், அதற்கும் ஒரு துணுக்கு வேண்டும். ஒரு துணுக்கை எடுத்தால் சில வில்களில் மீதம் எதுவும் இராது. ஆகையால் பழைய விற்பனைச் சீட்டு, ஏலப் பட்டியல், காப்பீட்டு மதிப்பீடு, செய்தவரின் முத்திரை, நாள் தெரியும் புகைப்படம், வல்லுநரின் கடிதம் ஆகியவற்றை நம்பியே கோப்பு நிற்கிறது. அந்தக் கோப்பும் சில வேளை காலை வாரிவிடும். ஒருமுறை என்னிடம் வந்த வில்லின் மதிப்பீட்டுச் சீட்டில் முனைத் தகடு தந்தம் என்று தெளிவாக எழுதியிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்புக்கே உரிய நுண்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ ஒருவர் நிறத்தைப் பார்த்து எழுதிய ஒற்றைச் சொல்லால், தேவையே இல்லாத சான்றிதழுக்காக அதன் உரிமையாளர் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார்.

தந்தத் தகட்டைக் கழற்றுவது பாவம் என்று என் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ஆண்டு முழுவதும் பயணத்தில் இருக்கும் வில்லுக்கு எலும்போ உலோகமோ வைத்துவிட்டு, எடுத்த தகட்டை நாள் குறித்துப் படத்தோடு உறையிலிட்டு வீட்டில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. முனைத் தகடு தேய்ந்து உடைந்து மாற்றப்படுவதும் புதிதல்ல. புகழ்பெற்ற பிரெஞ்சு வில் கைவினைஞர் பிரான்சுவா சேவியர் தூர்த் காலத்து வில்லில் முதல் தகடே இன்னும் ஒட்டியிருந்தால் அதைத் தொட வேண்டாம். அது வீட்டில் இருக்கட்டும், பயணத்துக்கு வேறு வில் போகட்டும். மாமதத் தந்தத்தை மாற்றாகப் பரிந்துரைப்போரிடம் எனக்கு உடன்பாடு இல்லை. அது சைட்டிஸ் பட்டியலில் இல்லை என்பது சரிதான். ஆனால் எல்லையில் அது மாமதம் என்று நிறுவும் பொறுப்பு நம் தலையில் விழும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா மாநிலங்களின் விற்பனைத் தடையும் அதைச் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

பியானோவின் நிலை வேறு. அது கச்சேரிக்காகச் சுற்றுவதில்லை. குடிபெயரும்போதோ பரம்பரைச் சொத்தாகக் கைமாறும்போதோ ஒரே ஒருமுறை கடல் கடக்கும். அதற்கு ஏற்றது இசைக்கருவிச் சான்றிதழ் அல்ல. ஒப்பந்தத்துக்கு முந்தையது எனும் சான்றும், சென்று சேரும் நாட்டின் வீட்டுப் பொருள் விதிகளுமே. விற்பதற்காக அனுப்புவதோ முற்றிலும் வேறு கணக்கு. ஆப்பிரிக்க யானைத் தந்தம் உள்ள பொருள் எவ்வளவு பழையதானாலும் அதை வணிகத்துக்காக அமெரிக்காவுக்குள் இறக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2022 ஜனவரி முதல் தந்த வணிகத்தை மேலும் இறுக்கிவிட்டது.

இசைக்கலைஞர்கள் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவதாகக் கட்டுரை வருந்துகிறது. கலைஞர் மீது குற்றமில்லை. கருவியின் வரலாறு அவ்வளவு தூய்மையானதன்று. சான்சிபார் வழியாகக் கப்பலேறிய தந்தத்தை அறுத்துப் பியானோ கட்டைகளுக்குத் தகடாக்கியே அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஓர் ஊர் வளர்ந்தது. அதன் பெயரே ஐவரிடன், அதாவது தந்தபுரி. எனவே தந்தத்துக்கு முழு விலக்குக் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. ஈட்டி (ரோஸ்வுட்) வகை மரங்களுக்கு 2017-இல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகள் 2019-இல் விடுவிக்கப்பட்டதை முன்னுதாரணமாகக் காட்டுவோர் உண்டு. மரத்தை நட்டு வளர்க்கலாம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியது இரவிலும் மேலொப்பமிட ஓர் அதிகாரியும், எல்லா நாடுகளும் திறந்து பார்க்கக்கூடிய மின்னணுச் சான்றிதழுமே.

பயண நாளுக்குச் சில மாதங்கள் முன்பே தம் நாட்டின் சைட்டிஸ் மேலாண்மை அமைப்புக்கு விண்ணப்பிக்குமாறும், செல்லவிருக்கும் நாடுகள் ஒவ்வொன்றின் கூடுதல் விதிகளையும் கேட்டறியுமாறும் வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். கட்டுரையின் மற்ற பகுதிகள் எப்படியாயினும், அந்த 200 கிராம் வரிக்கு மட்டுமாவது தங்கள் நாளிதழில் திருத்தம் வெளியிடுவீர்கள் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
நரம்புக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்