மவுஸை நகர்த்தினால் சீறுகிற ஸ்பீக்கர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் ஒரு இரைச்சல். அதோடுதான் இத்தனை நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மருமகள் வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாட்டு வகுப்பு எடுக்கிறாள் என்று முன்பே எழுதினேன் அல்லவா. யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்குள் ஒலியை வாங்கவும் வெளியே அனுப்பவும் வைக்கிற சின்னப் பெட்டி) ஒன்று, அதிலிருந்து ஒரு ஜோடி பவர் ஸ்பீக்கர், அதாவது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர், இவ்வளவுதான் அவளுடைய சாமான். மகன் வீடியோ எடிட்டிங் வேலைக்காக அதே கம்ப்யூட்டரில் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டான். அடுத்த வாரம் அவள் வந்து, "மாமா, சுருதிப் பெட்டியை நிறுத்தின பிறகும் உள்ளே யாரோ சுருதி போடுகிற மாதிரி இருக்கிறது" என்றாள்.

காதை வைத்துக் கேட்டேன். நம் பழைய சிநேகிதன்தான், கரண்ட் ஹம், மின்சாரத்தின் உறுமல். ஏன் அவளுக்கு முதலில் தெரியவில்லை தெரியுமா? அவள் சுருதி 5 கட்டை, அதாவது அவள் பாட்டின் ஆதார ஸ்வரமான சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 100, 150, 200. அந்த 200 அவள் சட்ஜத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நொடிக்கு 4 தடவை அலையடிக்கிறது. தம்பூரா ஓடும்போது அதற்குள் ஒளிந்துகொள்ளும், தம்பூரா நின்றால் திருடன் தனியாக மாட்டிக்கொள்வான்.

ஹம் மட்டும் என்றால் பரவாயில்லை. மவுஸை நகர்த்தினால் 'சிர்ர்' என்றது. பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் வண்டு பறக்கிற மாதிரி சத்தம் ஏறி இறங்கியது. மகன் டிரைவரை நீக்கித் திரும்பப் போட்டான், விண்டோஸையே புதிதாக ஏற்றினான், இரண்டு நாள் போனதுதான் மிச்சம். வாங்கின கடையில் கேட்டதற்கு 'ஸ்பீக்கர் கம்ப்ளெயின்ட், மாற்றிவிடுங்கள்' என்றார்கள். சரி, இனி நம் வழியில் பார்ப்போம் என்று நான் உட்கார்ந்தேன்.

டவுன்ஹால் ரோட்டு ரேடியோ ரிப்பேர் கடையில் நாம் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதா? ஒன்றொன்றாகக் கழற்று, ஒவ்வொரு தடவையும் கேள். அதையே செய்தேன். முதலில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தேன். கிராபிக்ஸ் கார்டிலுள்ள காயில்களே நேரடியாகக் கீச்சிடுவதும் உண்டு. கேமின் மெனுத் திரையில் நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்களை வீணாக வரைகிறபோது அது அதிகமாகக் கேட்கும், பிரேம் எண்ணிக்கைக்கு 60 என்று வரம்பு வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இங்கே அது இல்லை. அடுத்து, இன்டர்ஃபேஸில் ஹெட்போனைச் செருகினேன். மாப்ளே, சுத்தம்! ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அதே கம்ப்யூட்டர், அதே யூ.எஸ்.பி. வயர், ஹெட்போனில் இல்லாத சத்தம் ஸ்பீக்கரில் மட்டும். அப்புறம் ஸ்பீக்கரை இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றி, என் போனை அதில் மாட்டினேன். அதுவும் சுத்தம். ஆக ஸ்பீக்கரும் நல்லது, இன்டர்ஃபேஸும் நல்லது. இரண்டும் கை கோத்தால்தான் சண்டை.

மீதியை நீயே சொல்லிவிடுவாய். கம்ப்யூட்டரின் த்ரீ-பின் வழியாக ஒரு எர்த், ஸ்பீக்கரின் த்ரீ-பின் வழியாக இன்னொரு எர்த். நடுவில் ஆடியோ வயரின் மேல்வலை, உள்கம்பியைச் சுற்றியிருக்கிற அந்தக் கம்பி வலை, இரண்டையும் கட்டிப்போட்டு ஒரு வளையமாக்கிவிட்டது. ஹெட்போனுக்கும் போனுக்கும் எர்த் கிடையாது, அதனால் வளையமும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யும்போது கணத்துக்குக் கணம் கரண்டைக் கூட்டியும் குறைத்தும் இழுக்கிறது. அது திரும்பிப் போகிற வழியில் கொஞ்சம் யூ.எஸ்.பி. வயரில் ஏறி, ஆடியோ வயரின் மேல்வலை வழியாக ஸ்பீக்கர் எர்த்துக்கு நழுவுகிறது. மவுஸ் நகர்ந்தால் திரை திரும்ப வரையப்படுகிறது, கார்டு விழிக்கிறது, அதன் மூச்சு நமக்குக் கேட்கிறது. மேல்வலையில் ஒரு மில்லிவோல்ட் தங்கினாலே போதும். சாதாரண ஆடியோ சிக்னலே 316 மில்லிவோல்ட்தான், அதற்கு 50 டெசிபல் கீழே இரைச்சல் வந்து நின்றுகொள்ளும். பாட்டு நின்ற அமைதியில் அது நன்றாகவே கேட்கும்.

வயரிங் பார்க்க வந்த பையன், "சார், ஸ்பீக்கர் பிளக்கின் பெரிய எர்த் பின்னை உடைத்துவிடுங்கள், சத்தம் போய்விடும்" என்றான். போகத்தான் செய்யும். உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போய் 230 வோல்ட் ஸ்பீக்கர் பெட்டியில் ஏறினால் மருமகளும் போய்விடுவாள் என்று கத்திவிட்டேன். டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய வால்வு ரேடியோவில் பிளக்கை மாற்றிச் செருகினால் சேசிஸே, அந்த உலோகச் சட்டமே, கரண்ட் ஏறின லைனாக நிற்கும், டெஸ்டர் வைக்காமல் முதலாளி தொடவே விடமாட்டாரே. அப்படியும் நீ ஒருநாள் தொட்டுவிட்டு ஸ்டூலோடு விழுந்தாய். அந்தப் பையனுக்கு அந்தப் பயமே இல்லை.

முதலில் கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகினேன். அதுவரை ஸ்பீக்கர் எதிர்ச்சுவர் பாயிண்டில் இருந்தது. ஹம் முக்கால்வாசி அடங்கியது, சிர்ர் அடங்கவில்லை. அப்புறம் கார் ஸ்டீரியோவுக்கு விற்கிற ஐசோலேட்டர் ஒன்றை, எர்த் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்துகிற டப்பாவை, வாங்கி நடுவில் போட்டேன். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், அவ்வளவுதான். இரைச்சல் மொத்தமும் போயிற்று. ஆனால் தம்பூராவின் மந்தர நரம்பு சோகை பிடித்தது போல ஆகிவிட்டது. மலிவான டிரான்ஸ்பார்மருக்கு அடிநாதம் தாங்காது. மருமகள் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள், அவள் காது அப்படி.

கடைசியில்தான் இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதன் அவுட்புட்டும் பேலன்ஸ்டு, ஸ்பீக்கரின் இன்புட்டும் பேலன்ஸ்டு. நடுவில் மகன் போட்டிருந்தது மட்டும் சாதாரண மோனோ வயர். பேலன்ஸ்டில் சிக்னலுக்கு இரண்டு கம்பி, மேல்வலை தனி. வழியில் சேருகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறும். ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும், வெல்லம் நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பது போல. ஆறு மீட்டர் வயரும் நான்கு பின்னும் வாங்கி நானே பற்றவைத்தேன். கை நடுங்குகிறது, முதல் பின்னில் ஈயம் உருண்டையாக நின்றது, உருக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மாட்டி, வால்யூமை முழுக்க ஏற்றி, மவுஸை இஷ்டத்துக்கு ஆட்டினேன். ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் ஆனில் இருக்கிறதா என்று விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் சார்ஜர் போட்டதும் உறுமுகிறது, பேட்டரியில் ஓடினால் இல்லை என்று எழுதியிருந்தாய். இதுவும் அதே வளையம்தான் என்று நினைக்கிறேன். உன் ஆம்ப்ளிஃபையரில் செட்டாப் பாக்ஸும் சேர்ந்திருக்கிறது அல்லவா? தெருவிலிருந்து வருகிற கேபிள் டிவி வயரை பாக்ஸிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார். உறுமல் நின்றால், அந்த வயரின் மேல்வலை எங்கோ கம்பத்தில் தொடுகிற எர்த்தான் எதிராளி. நிற்கவில்லையென்றால் சார்ஜரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே போர்டுக்கு மாற்று. தயவுசெய்து நீயாக ஆம்ப்ளிஃபையரைத் திறந்து கண்டென்ஸரை மாற்றிக்கொண்டிருக்காதே. கண்டென்ஸர் காய்ந்திருந்தால் பேட்டரியிலும் உறுமியிருக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவாய்தானே? காலைக் காரணம் சொல்லாதே, ஆற்றுக்குள் இறங்க வேண்டாம், வீட்டிலிருந்தே டிவியில் பார்க்கலாம். மிச்சமிருக்கிற இரண்டு மீட்டர் வயரை உனக்கென்று சுருட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஸ்பீக்கர் இவ்வளவு அமைதியான பிறகுதான் ஃபேன் ரெகுலேட்டர் முனகுவது கேட்கிறது. மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி