அக்கா, நான் ஓட்டுற பாதையில லாரி கிடையாது

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டரும் பார்சலும் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. வடகம் உருண்டை ஒண்ணு கூட உடையல, பழைய துணியில சுத்தி டப்பாவுல வெச்சு அனுப்பினது நல்ல வேலை. அன்னைக்கு ராத்திரியே பருப்பு வெச்சு தாளிச்சேன். கீழ் வீட்டு பெரியவர் மோப்பம் புடிச்சிட்டு மேல ஏறி வந்து கதவைத் தட்டிட்டாரு, ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவருன்னு போன்ல சொன்னேனே அவருதான். ஒரு கிண்ணம் குடுத்தேன், நின்ன வாக்குல ரொட்டியைப் பிச்சு தொட்டுத் தொட்டு சாப்பிட்டுட்டு கிண்ணத்தைக் கழுவி வெச்சிட்டுப் போனாரு.

நீ லெட்டர்ல பாதி பக்கத்துக்கு சைக்கிளைப் பத்தியே எழுதியிருக்க. அப்பாவுக்கு அரியாங்குப்பம் பாலத்துகிட்ட நடந்ததை நினைச்சு நீ தூங்காம கிடக்கிறேன்னு படிச்சதும் மனசு கேக்கல. அதான் போன்ல சொல்லாம உக்காந்து டைப் பண்றேன். பாப்பாவ விட்டு பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து அம்மாகிட்டயும் குடு.

நான் ஓட்டுறது ரோடே இல்ல அக்கா. பழைய ரயில் பாதை. ரயில் நின்னு போன பிறகு தண்டவாளத்தை எடுத்துட்டு தார் போட்டு 1997ல சைக்கிளுக்கும் நடக்கிறவங்களுக்கும்னு திறந்து விட்டாங்க, ஜிவ்ரிங்கிற ஊர்ல ஆரம்பிச்சு க்ளூனி வரைக்கும் 44 கிலோமீட்டர், பிரான்ஸ்லயே முதல் வுவா வெர்த், அதாவது பசுமைப் பாதை, இதுதான். இப்ப நாடு பூரா இந்த மாதிரி பாதை இருக்குது. கார், லாரி, மோட்டார் பைக் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு 2004ல டிராஃபிக் சட்டத்துலயே எழுதிட்டாங்க. கிராமத்து ரோடு குறுக்க வர்ற இடத்துல மட்டும் கட்டை நட்டிருப்பாங்க, அங்க இறங்கி ரெண்டு பக்கமும் பாத்துட்டு தான் தாண்டுவேன், அது உனக்கு சத்தியம். மத்தபடி கழுவி விட்ட வாசல் மாதிரி சுத்தமா கிடக்கும். சின்னப் பசங்களை அப்பா அம்மா தனியா ஓட்ட விட்டுட்டு பின்னால பேசிக்கிட்டே வராங்க, நம்ம ஊர்ல எந்த ரோட்டுல அப்படி விட முடியும் சொல்லு.

மேடும் கிடையாது. ஏன்னு கீழ் வீட்டுக்காரரு தான் விளக்கி சொன்னாரு, ரயில் செங்குத்தா ஏறாது, அதனால அந்தக் காலத்துலயே மேட்டை வெட்டி பள்ளத்தை தூர்த்து சாய்வு தெரியாத அளவுக்கு மட்டம் பண்ணி வெச்சிருக்காங்க, அந்த உழைப்பெல்லாம் இப்ப நம்ம முட்டிக்கு லாபம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் கிளம்புறதுக்கு முன்னாடி வாசல்ல நிப்பாரு, கட்டை விரலால டயரை அழுத்திப் பாத்துட்டு தலையாட்டினா தான் நான் போகலாம், காத்து கம்மியா இருந்தா ஒண்ணும் பேசாம உள்ள போய் பம்பை எடுத்துட்டு வருவாரு. அவருக்கும் யாரும் வந்து போற மாதிரி தெரியல.

வழி நெடுக முதல்ல திராட்சைத் தோட்டம், அறுப்பு முடிஞ்சு இலையெல்லாம் மஞ்சளா நிக்குது. அப்புறம் மேய்ச்சல் நிலம், வெள்ளை மாடு, ஷரோலே ஜாதின்னு பேரு, நம்ம பெரியப்பா பாத்தா அங்கயே குடிசை போட்டுடுவாரு. பழைய ஸ்டேஷன் கட்டடம் அப்படியே இருக்குது, சுவத்துல ஊர் பேரு, பிளாட்பாரத்து கல்லு, ரயில் மட்டும் தான் இல்ல. கொர்மத்தான் வந்ததும் உக்காந்து சோத்து டப்பாவைத் திறப்பேன். புளிசோறும் உருளைக்கிழங்கும், நேத்து ராத்திரி செஞ்சது. அதைத் தாண்டினா மேட்டு மேல தேஸே, கோயில்ல விளக்கை அணைச்சிட்டு மெழுகுவத்தி வெச்சு பாடுவோமே அந்த தேஸே ஜெபம் இங்கருந்து தான் வந்தது, வெயில் காலத்துல உலகம் பூரா இருந்து வாலிபப் பசங்க வந்து கூடாரம் போட்டு தங்குறாங்க.

அடுத்தது க்ளூனி. அம்மாவுக்கு இதைக் கண்டிப்பா படிச்சுக் காட்டு. நம்ம க்ளூனி ஆஸ்பத்திரி, நீ படிச்ச ஸ்கூல், அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி எம்ப்ராய்டரி போட்ட மடம், எல்லாத்துக்கும் அந்தப் பேரு வந்த ஊரு இதுதான். அந்த சிஸ்டருங்க சபைய ஆரம்பிச்ச அன்னை ஆன் மரி ஜவுவே 1807ல துறவற வார்த்தைப்பாடு குடுத்தது நான் குடியிருக்கிற இதே ஷலோன்ல, சன் பியர் கோயில்ல. 1812ல க்ளூனிக்குப் போனாங்க, 1827ல பாண்டிச்சேரிக்கே சிஸ்டருங்க வந்துட்டாங்க. நான் தினம் வேலைக்குப் போறப்ப அந்தக் கோயில் வாசலைத் தாண்டி தான் போறேன், முதல் வருஷம் பூரா இது தெரியாமலே போய்ட்டு வந்திருக்கேன். க்ளூனில 910ல ஆரம்பிச்ச பெரிய மடம் ஒண்ணு, ரோமாபுரில இப்ப இருக்கிற இராயப்பர் (பீட்டர்) கோயில் வர்ற வரைக்கும் கிறிஸ்தவ உலகத்துலயே பெரிய கோயில் அந்த மடத்துக் கோயில் தானாம். புரட்சிக்குப் பிறகு கல்லு கல்லா பேத்து வித்துட்டாங்க, இப்ப ஒரு ஓரமும் கோபுரமும் மட்டும் நிக்குது. அதுவே அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. ஜூன்ல ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்ப தான் அவ்வளவு தூரம் போய்ட்டு வர முடிஞ்சுது. அங்க நின்னு அம்மா பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேன்.

க்ளூனிய தாண்டி மாக்கோன் பக்கம் போனா 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு பழைய ரயில் சுரங்கம், உள்ள விளக்கு போட்டிருக்காங்க. குளிர் காலத்துல மூடிடுவாங்க, வௌவால் தூங்குறதுக்காக. ஒரு வௌவாலுக்காக பாதையை மூடுற ஜனங்க, உன் தம்பி மேல வண்டிய ஏத்த மாட்டாங்க, பயப்படாதே.

காரை வித்துட்டேன்னு மாமா சொல்லியிருப்பாரு. அது ஒண்ணுமில்ல, ஷலோன்ல எல்லாம் கிட்ட கிட்ட தான் இருக்குது, இன்சூரன்ஸ் பெட்ரோல்னு எதுக்கு தண்டம். சைக்கிள்ல உடம்பும் நல்லாருக்குது. கடையில இப்ப ராத்திரி வேலை மட்டும் தான் குடுக்கிறாங்க, பகல் பூரா ஓய்வு. பணம் அடுத்த மாசம் சேத்து அனுப்புறேன், யூரோ ரேட் இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு பாக்குறேன்.

குளிர் ஆரம்பிச்சிடுச்சு. காலைல சீட்டு மேல வெள்ளையா உறைஞ்சு கிடக்குது, கை விரலு பிரேக் புடிக்க மாட்டேங்குது, நீ பின்னி அனுப்பின குல்லாவைத் தான் ஹெல்மெட்டுக்கு உள்ள போட்டுக்கிறேன். ஆனாலும் போறேன். அந்தப் பாதையில எதிர்ல வர்றவங்க எல்லாரும் தெரியாத ஆளா இருந்தாலும் போன்ஜூர் சொல்லிட்டுப் போறாங்க, நானும் சொல்றேன், சில ஞாயித்துக்கிழமை அன்னைக்கு பூரா நான் பேசின பேச்சு அவ்வளவு தான் அக்கா. போன வாரம் ஒரு பெரியம்மா ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து ஆப்பிளை நறுக்கி கத்தி முனையில குத்தி வீட்டுக்காரருக்கு நீட்டுச்சு, அம்மா அப்பாவுக்கு கொய்யாவை நறுக்கி உப்பு தொட்டு குடுக்குமே அதே கை. சைக்கிளை ஓரமா நிறுத்திட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அப்பாவுக்கு இப்படி ஒரு பாதை இருந்திருந்தா இன்னைக்கும் மார்க்கெட்டுக்கு சைக்கிள்ல போய் வஞ்சிரம் வாங்கிட்டு வந்திருப்பாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். சின்னவன் பைக் கேக்குறான்னு எழுதியிருந்த. வேணாம். கண்டிப்பா வேணாம். காலேஜ் பஸ் இருக்குது, அதுல போகட்டும், கோவிச்சுக்கிட்டா என்கிட்ட பேசச் சொல்லு.

பாப்பாவுக்கு வந்திருக்கிற பாரீஸ் மாப்பிள்ளை சம்பந்தம் பத்தி அவசரப்படாதீங்க. பையன் என்ன வேலை, எந்த ஏரியால வீடு, சம்பள ரசீது இருக்குதா, இது எதையும் சொல்லாம நேஷனாலிட்டி கார்டை மட்டும் காட்டினா அது சம்பந்தம் இல்ல. தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்த வழியில தான் நமக்கும் இந்தக் கார்டு வந்தது, அதை வெச்சு இங்க வாழ்க்கை தானா நடக்காதுன்னு எனக்குத் தெரியும். விலாசத்தை மட்டும் அனுப்பு, பாரீஸ்ல நம்ம தமிழ்க் கடைங்க இருக்கிற லா ஷப்பெல்ல சாமான் வாங்கப் போறப்ப நானே நேர்ல போய் பாத்துட்டு வரேன். அது வரைக்கும் கோயில் சாமியார்கிட்ட கல்யாண ஓலை வாசிக்கிற பேச்சே எடுக்க வேணாம், அவ பி.காம் முடிக்கட்டும்.

முத்தியால்பேட்டை வீட்டு பாகத்துல மாமா கையெழுத்து கேட்டா அம்மாவை போட விடாதே. பத்திரத்தை ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பு, முத்திரை தெளிவா தெரியணும். அம்மா கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் உடனே சொல்லு, எந்த நேரமா இருந்தாலும் பரவாயில்ல, நான் முழிச்சிட்டு தான் இருப்பேன். அத்தானுக்கு சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா? அடுத்த பார்சல்ல சுண்ட வத்தல் கொஞ்சம் வை.

அன்புடன்,
உன் தம்பி