கடிகாரத்தை நகர்த்திய சட்டங்கள்

அன்புள்ள கயலுக்கு,

1943-ஆம் ஆண்டு உயிலில் சாட்சிகள் கையெழுத்திட்ட நேரத்துக்குப் பக்கத்தில் ‘ஈ.டபிள்யூ.டி.’ என்று எழுதியிருப்பதாகவும், அதை எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருந்தாய். அது அமெரிக்காவின் கிழக்கு மண்டலத்தின் போர்க்கால நேரம், ‘ஈஸ்டர்ன் வார் டைம்’. அதோடு நான்கு மணி நேரத்தைக் கூட்டினால் கிரீனிச் நேரம் வந்துவிடும். விடை அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று எழுத்து இல்லாத பழைய காகிதங்கள்தான் உன் மேசைக்கு அதிகம் வரப்போகின்றன. அங்கே கணக்கு இத்தனை சுலபமாக முடியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள். அமெரிக்காவில் போர்க்காலத்துக் காகிதத்தில் நேரம் படிப்பது எளிது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், ஒரே தேதி. சமாதான காலத்தில்தான் ஊருக்கு ஒரு கடிகாரம் ஓடியது. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு தப்பு செய்கிறார்கள்.

பகல் வெளிச்சத்தை வீணாக்காமல் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளலாம் என்று லண்டன் கட்டடக்காரர் வில்லியம் வில்லெட் 1907-இல் சிறு நூல் எழுதினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே மசோதாவைப் பார்த்தது, ஏற்கவில்லை. அவர் 1915-இல் இறந்துபோனார். சமாதான காலத்தில் நகராத அந்த யோசனையைப் போர் ஒரே மாதத்தில் நகர்த்திவிட்டது. 1916 ஏப்ரல் 30 இரவு 11 மணிக்கு ஜெர்மனி நிலக்கரியை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை முன்னே தள்ளியது. மே 21-ஆம் தேதி பிரிட்டனும் அதைச் செய்தது.

அமெரிக்காவுக்கு இது 1918 மார்ச் 19-ஆம் தேதிச் சட்டத்தோடு வந்தது. அந்தச் சட்டத்துக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருந்தன என்பதைக் கவனி. அதுவரை நேர மண்டலங்கள் ரயில் நிறுவனங்கள் 1883 நவம்பர் 18 அன்று தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடுதான், அவற்றுக்கு மத்திய அரசின் சட்டம் கிடையாது. 1918 சட்டம் முதல்முறையாக அவற்றைச் சட்டமாக்கி, எல்லைகளை வகுக்கும் வேலையை மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையத்திடம் கொடுத்தது. இரண்டாவது விஷயம் மூன்றாம் பிரிவில் இருந்தது: மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒரு மணி நேரம் முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. ஏன் அதிகாலை 2 மணி? அந்நேரம் ஓடும் ரயில்கள் மிகக் குறைவு. பின்னே தள்ளினாலும் மணி ஒன்றுதான் ஆகும், தேதி முந்தைய நாளுக்குப் போய்விடாது.

விவசாயிகள்தான் இதைக் கேட்டு வாங்கினார்கள் என்று இன்றும் பலர் சொல்வார்கள். உண்மை நேரெதிர். பனி காயாமல் வைக்கோல் அறுக்க முடியாது, பனியோ சூரியனைப் பார்த்துத்தான் காயும். கூலியாட்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். பால் ஏற்றும் ரயிலும் கடிகாரப்படி வந்து நிற்கும், மாடு அதற்காக முன்னதாகக் கறக்காது. போர் முடிந்ததும் இந்தக் குரல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஓங்கியது. அதிபர் உட்ரோ வில்சன் 1919 கோடையில் இரண்டு முறை தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தினார். இரண்டாவது தடையை இரு அவைகளும் மீறி, ஆகஸ்ட் 20-ஆம் தேதி நீக்கத்தை நிறைவேற்றின. நீங்கியது மூன்றாம் பிரிவு மட்டுமே. நேர மண்டலங்களும், கோடைக்காக முன்னே தள்ளாத அவற்றின் வழக்கமான நேரமான ‘திட்ட நேரமும்’ அப்படியே நின்றன. 1919 அக்டோபருக்குப் பிறகு ‘திட்ட நேரச் சட்டமே போய்விட்டது’ என்று யாராவது மனுவில் எழுதியிருந்தால் அது பிழை.

அதன் பிறகு 1942 வரை கோடை நேரம் உள்ளூர் விவகாரம். நியூயார்க் நகரம் தன் விதியாகத் தொடர்ந்தது. மாசசூசெட்ஸ் 1921-இல் மாநிலம் முழுவதற்கும் சட்டம் போட்டது. அங்கிருந்த விவசாயிகள் சங்கம் அதைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றம் வரை போய், 1926-இல் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். பக்கத்து மாநிலமான கனெக்டிகட் 1923-இல் எதிர்த்திசையில் போய், பொது இடத்துக் கடிகாரங்கள் திட்ட நேரம் தவிர வேறெதையும் காட்டக் கூடாது என்று தடை விதித்தது. ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் அதே செயல் குற்றமாகிவிடும் நிலை.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் ஒரே நாடு, ஒரே கடிகாரம். 1942 ஜனவரி 20-ஆம் தேதிச் சட்டம் ‘இயற்றப்பட்ட இருபதாம் நாள் அதிகாலை 2 மணிமுதல்’ என்றது. கணக்குப் போட்டால் பிப்ரவரி 9, திங்கட்கிழமை. கடிகாரம் மாறுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் என்ற பழக்கத்தில் பிப்ரவரி 8 என்று குறித்துவிடாதே. இன்னொரு முக்கியமான வேறுபாடு, இதில் குளிர்காலத் திருப்பம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே. ‘வார் டைம்’ என்று அதிபர் ரூஸ்வெல்ட் பெயரிட்டதும் பொருத்தம்தான், சட்டத்தின் தலைப்பிலேயே தேசப் பாதுகாப்பு என்ற காரணம் எழுதப்பட்டிருந்தது. போர் முடிந்து ஆறு மாதத்தில், அல்லது காங்கிரஸ் அதற்கு முன்பே தீர்மானித்தால் அன்றே, இது முடிய வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருந்தது. நடந்தது வேறு: 1945 செப்டம்பர் 25-ஆம் தேதி தனிச் சட்டம் இயற்றி, செப்டம்பர் 30 அதிகாலை 2 மணியோடு முடித்தார்கள்.

ஆகவே 1942 பிப்ரவரி 9 முதல் 1945 செப்டம்பர் 30 வரை, கோடையா குளிர்காலமா என்று நீ பார்க்கவே வேண்டாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 1945 ஆகஸ்ட் 14 மாலை ஜப்பான் சரணடைந்த அறிவிப்புக்குப் பிறகு, சில பதிவுகளில் ‘வார் டைம்’ போய் ‘பீஸ் டைம்’ என்று எழுதியிருப்பார்கள். பெயர்தான் மாறியது, கடிகாரம் மாறவில்லை. சமாதானம் வந்துவிட்டதே என்று ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடக் கூடாது.

இந்தச் சட்டம் ரயில்களையும் மத்திய அரசு அலுவலகங்களையும் மத்தியச் சட்டத்தின் கீழான கெடுக்களையும் உறுதியாகக் கட்டியது. உயில், பிறப்புப் பதிவு போன்றவை மாநில விவகாரம். அதனால் போர்க்காலக் காகிதமானாலும் நேரத்துக்குப் பக்கத்தில் குறியீடு இல்லையென்றால், அந்த மாநிலத்தின் 1942–1945 கூட்டத்தொடர்ச் சட்டங்களை ஒருமுறை புரட்டிப் பார். ஒரே நாளில் இரண்டு உயில் இருந்தாலோ, இருவரில் யார் முதலில் இறந்தார் என்ற கேள்வி இருந்தாலோ, அந்த ஒரு மணி நேரத்தில் சொத்து கைமாறும்.

இனி நிஜமான தலைவலி: 1945 முதல் 1966 வரை. கோடை நேரத்துக்கு மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. மாநிலம், மாவட்டம், நகரம் என்று யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், முடிக்கலாம். ஓஹையோவின் ஸ்டூபன்வில்லில் ஏறி மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லில் இறங்கும் 35 மைல் பேருந்துப் பயணத்தில் ஏழு முறை நேரம் மாறியது. 1965-இல் ஒட்டியிருக்கும் இரட்டை நகரங்களான மினியாபொலிஸும் செயின்ட் பாலும் வெவ்வேறு நாளில் கோடை நேரத்தைத் தொடங்கின. இடைப்பட்ட நாட்களில் பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேர வித்தியாசம்.

இந்தக் காலத்துக் காகிதம் வந்தால் நிதானமாகச் செய். முதலில் ஊரை உறுதிப்படுத்து, மாநிலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. பிறகு அந்தத் தேதியில் அந்த ஊர் எந்த மண்டலத்தில் இருந்தது என்று வணிக ஆணையத்தின் எல்லை ஆணைகளில் பார். எல்லைக்கோடு இன்றிருக்கும் இடத்தில் அன்று இருந்திருக்காது, பல இடங்களில் அது மேற்கே நகர்ந்திருக்கிறது. அடுத்தது, மாநிலச் சட்டமா, நகர விதியா, இரண்டும் இல்லையா என்பது. தொடக்க, முடிவுத் தேதிகளை ஊகிக்காதே. கோடை நேரம் செப்டம்பர் கடைசியில் முடிந்த ஊர்களும் உண்டு, அக்டோபர் கடைசிவரை நீண்ட ஊர்களும் உண்டு. உள்ளூர்ச் செய்தித்தாளின் ஏப்ரல், செப்டம்பர் மாத இதழ்களில் நகரசபைச் செய்தியும் வானொலி நிகழ்ச்சி நேரமும் கிடைக்கும், அவை நல்ல சாட்சி. கடைசியாக, எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்று கேள். நகரம் கோடை நேரத்தில் இருந்தாலும் ரயில் அட்டவணைகள் திட்ட நேரத்திலேயே அச்சாகும். நிலையத்தில் நடந்த விபத்தின் நேரமும் மருத்துவமனைப் பதிவின் நேரமும் ஒரு மணி நேரம் முட்டிக்கொண்டால், யாரும் பொய் சொல்லவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்.

இதற்கு முடிவு கட்டியது 1966 ஏப்ரல் 13-ஆம் தேதிச் சீரான நேரச் சட்டம். அதன் தலைப்பில் வெளிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை, நாடெங்கும் சீரான நேரமுறை என்ற நோக்கம் மட்டுமே இருக்கிறது. போர் போன்ற அவசரம் எதுவும் இல்லாமல், பேருந்தும் ஒளிபரப்பும் ஒழுங்காக ஓட வேண்டும் என்ற சாதாரணக் காரணத்துக்காக இயற்றப்பட்டு இன்றுவரை நிற்பது இந்த ஒன்றுதான். அதனாலேயே எனக்கு இதன்மீது தனி மதிப்பு உண்டு. ஒரு மாநிலம் சட்டம் இயற்றி முழுவதுமாக விலகலாம். ஹவாயும் அரிசோனாவும் விலகின. அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ தேசம் கோடை நேரத்தைப் பின்பற்றுகிறது, அதன் நடுவே இருக்கும் ஹோப்பி நிலம் பின்பற்றுவதில்லை. இரண்டு மண்டலங்களில் கிடக்கும் மாநிலம் ஒரு மண்டலப் பகுதியை மட்டும் விலக்கலாம் என்பது 1972 திருத்தம். விலகாத மாநிலம் தேதிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மீறினால் போக்குவரத்துத் துறைச் செயலர் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம்.

‘எங்கள் மாநிலம் நிரந்தரக் கோடை நேரத்துக்கு வாக்களித்ததே, ஏன் நடக்கவில்லை?’ என்று உன்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். விடை இங்கேதான் இருக்கிறது. விலக உரிமை உண்டு, ஆண்டு முழுவதும் முன்னே தள்ளிவைக்க உரிமை இல்லை. ஃபுளோரிடா 2018-இல் இயற்றியது காங்கிரஸ் அனுமதித்தால் மட்டுமே உயிர்பெறும் சட்டம். ஒரு சுற்றுவழி உண்டு: மாநிலத்தைக் கிழக்கே அடுத்த மண்டலத்துக்கு மாற்றக் கோரி, பிறகு கோடை நேரத்திலிருந்து விலகுவது. அதற்குப் போக்குவரத்துத் துறை பார்க்கும் அளவுகோல் வணிகத்தின் வசதி.

1973 எண்ணெய் நெருக்கடியில் மறுபடி போர்க்கால மனநிலை வந்தது. அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட அவசரச் சட்டத்தின்படி 1974 ஜனவரி 6 முதல் குளிர்காலத்திலும் கோடை நேரம். இருட்டில் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் விபத்தில் சிக்கியதும் ஆதரவு கரைந்தது. அக்டோபரில் திருத்தம் வந்து, அக்டோபர் 27 முதல் 1975 பிப்ரவரி 23 வரை திட்ட நேரம் திரும்பியது. இந்த இரண்டு ஆண்டுகளைத் தனியாகக் குறித்துக்கொள். மற்றபடி 1967 முதல் 1986 வரை தொடக்கம் ஏப்ரல் கடைசி ஞாயிறு, 1987 முதல் 2006 வரை ஏப்ரல் முதல் ஞாயிறு, இரண்டிலும் முடிவு அக்டோபர் கடைசி ஞாயிறு. 2005 எரிசக்திச் சட்டத்தால் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை.

மாறும் இரவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்னே தள்ளும் இரவில் 2 மணி முதல் 2:59 வரை என்ற நேரமே கிடையாது. அன்று 2:30-க்குக் கையெழுத்திட்டதாக ஆவணம் சொன்னால், எழுதியவர் கடிகாரத்தை மாற்றவில்லை அல்லது நேரம் பின்னால் இட்டு நிரப்பப்பட்டது. பின்னே தள்ளும் இரவில் 1:00 முதல் 1:59 வரை இரண்டு முறை வரும். 1:50-க்குப் பிறந்த குழந்தையின் இரட்டை, இருபது நிமிடம் கழித்துப் பிறந்தால் பதிவில் 1:10 என்று இருக்கும், பின்னால் பிறந்தது மூத்ததுபோல் தெரியும். அன்று இரவு எட்டு மணி நேர வேலைமுறையில் இருந்தவர் உண்மையில் ஒன்பது மணி நேரம் உழைத்திருக்கிறார், மத்தியத் தொழிலாளர் சட்டப்படி ஒன்பதுக்கும் கூலி உண்டு.

நீதிமன்றக் கெடு மணிக்கணக்கில் இருந்தால் கடந்துபோன மணிகளை எண்ணு, கடிகார முகத்தைப் பார்க்காதே. மத்திய உரிமையியல் நடைமுறை விதி 6-இன் 2009 குறிப்பிலேயே உதாரணம் இருக்கிறது: 2007 நவம்பர் 2, வெள்ளி காலை 10:23-க்குத் தொடங்கும் 72 மணி நேரம், இடையில் ஞாயிறு அதிகாலை கடிகாரம் பின்னே போனதால், திங்கள் காலை 9:23-க்கு முடிந்துவிடுகிறது. 10:23 வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தால் கெடு போய்விடும்.

ஒப்பந்தம் எழுதும்போது ஜூலை மாதத்துக்குப் போய் ‘ஈ.எஸ்.டி.’ என்று எழுதாதே. அது திட்ட நேரம், நடப்பிலிருக்கும் கடிகாரத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ‘நியூயார்க் நகரில் அன்று நடப்பிலுள்ள நேரம்’ என்று ஊர்பெயரால் எழுது. நீண்டகாலக் குத்தகையானால் உலக நேரத்திலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்றும் சேர்த்துவிடு. 2022 மார்ச் 15 அன்று செனட் எதிர்ப்பின்றி நிறைவேற்றி, கீழவை எடுத்துக்கொள்ளாமல் விட்ட மசோதா, திட்ட நேரத்தின் வரையறையையே ஒரு மணி நேரம் நகர்த்த முயன்றது. அப்படி ஒன்று சட்டமானால், பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் ‘கிழக்குத் திட்ட நேரம்’ என்ற சொற்களே வேறொரு மணியைக் குறிக்கும். எண்ணில் எழுதிய வித்தியாசம் மாறாது.

அன்புடன்,
அம்மா