என்னோடு துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் பணியிலிருந்து இந்த மாதம் ஓய்வு பெறுகிறேன். விழா மேடையில் எல்லாருக்கும் நன்றி சொல்ல நேரம் இருக்காது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது விபாசனா தியான மையத்தின் சேவகர்களுக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு மணியடித்து எழுப்பி, பத்து நாள் முகாம் முழுவதும் சமைத்துப் போட்டவர்கள். அங்கே கட்டணம் கிடையாது. முன்பு முகாம் முடித்த யாரோ கொடுத்த நன்கொடையில்தான் நான் சாப்பிட்டேன். புத்தர் காட்டிய வழி என்று தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பயிற்சி அது. முதலில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடலில் எழும் உணர்வுகளை விருப்பு வெறுப்பின்றிப் பார்ப்பது. "போயிட்டு வாங்க சார், வகுப்பை நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவைத்த சக விரிவுரையாளரை மறக்க மாட்டேன்.

அமெரிக்கக் கல்வியாளர் ஜேக் மெசிரோவின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையை எங்கள் நூலகர் தேடி நகலெடுத்துத் தந்தார். இடைவெளிக்குப் பிறகு மீண்டும் படிக்க வந்த அமெரிக்கப் பெண்களைப் பற்றியது. கேள்வி கேட்காமல் நம்பிவந்தது ஆட்டம் காணும்போது, அதை அலசி ஆராய்ந்தால் பார்வையே மாறும் என்பது மெசிரோவின் கருத்து. உருமாற்றக் கற்றல் என்கிறோமே, அதுதான். எனக்கு அது பாதியாகவே பட்டது. மெசிரோ சிந்தனைக்கும் உரையாடலுக்கும்தான் அதிக இடம் தருகிறார். நம்பிக்கை அசையும்போது நெஞ்சு படபடக்கிறதே, அதை என்ன செய்வது? மீதிப் பாதியைத் தியானம் தந்தது.

அதனால்தான் 'இந்தப் பையனுக்குக் கணக்கு வராது' என்று ஒரு பயிற்சி மாணவி சொன்னபோது நாங்கள் விவாதத்தில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்தோம். அப்புறம் அவரே அவன் நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் மட்டும்தான் தடுமாறுகிறான், மற்றதெல்லாம் சரி என்று எழுந்து சொன்னார். தன் முடிவை எல்லார் முன்னாலும் மாற்றிக்கொள்ளத் துணிச்சல் வேண்டும். அந்த மாணவிக்கும், அவரைப் போன்ற எல்லா மாணவர்களுக்கும் என் முழு நன்றி.

இந்தத் தியான அமர்வுக்கென வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கிய முதல்வருக்கும், மதம் புகுத்துகிறோமோ என்று நேரில் வந்து கேட்டு, எங்களோடு உட்கார்ந்தும் பார்த்த பெற்றோருக்கும், நான் முகாமுக்குப் போனபோதெல்லாம் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

சனிக்கிழமை அமர்வை இனி இளைய விரிவுரையாளர்கள் இருவர் நடத்துவார்கள். அவர்களுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெறும் உங்கள் ஆசிரியர்