பூனை கொண்டுவருவது பரிசா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப் பிராணிகள் பக்கத்தில் ஒரு வாசகர், தன் பூனை செத்த எலியைக் கொண்டுவந்து கட்டிலடியில் போடுவது ஏன் என்று கேட்டிருந்தார். ‘அது உங்கள் மேல் உள்ள அன்பில் தரும் பரிசு, தடவிக்கொடுத்துப் பாராட்டுங்கள்’ என்று பதில் வந்திருந்தது. 11 வருடமாக ஒரு பூனையோடு வாழ்கிறேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் கருப்பி எதையாவது பிடித்துக்கொண்டு வந்தால், கண்ணால் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வாயில் கவ்வியபடியே கத்துவதால் குரல் அடைத்துக்கொண்டு, நீளமாக வரும். பசிக்குக் கத்துவது அப்படி இருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் அது தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அலமாரிக்குப் பின்னால் ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது. காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. அடுத்த நொடி பூனை தட்டருகில் இல்லை. சுண்டெலியின் பிடரியில் பல்லைப் பதித்துத் தூக்கிவந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது. அப்புறம் தட்டில் மீதி இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தது. நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1976-இல் ராபர்ட் அடமெக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையிலும் பூனைகள் அச்சு அசலாக இதையே செய்திருக்கின்றன என்று பின்னாளில் படித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பூனைகள், எலியைக் கண்டதும் சாப்பாட்டை விட்டுப் போய் அதைக் கொன்றன. தட்டருகே கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடியும் சாப்பாட்டில் வாய் வைத்தன. பூனையைப் பொறுத்தவரை வேட்டைக்குப் பசி கட்டாயமில்லை. தானாக இரை தேடும் பூனை ஒரு நாளைக்குச் சின்னச் சின்னதாகப் பல இரைகளைப் பிடித்தாக வேண்டும். பாய்கிற பாய்ச்சலெல்லாம் பலிக்காது. வயிறு காலியாகட்டும் என்று காத்திருந்தால் பட்டினிதான். அதனால், ஏதாவது அசைந்தால் பாய் என்கிற உந்துதல் வயிறு நிறைந்திருக்கும்போதும் அடங்குவதில்லை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், சேமித்து வைத்த தானியத்தைத் தேடிவந்த எலிகளின் பின்னால்தான் பூனை மனிதரை நெருங்கியது. அன்று நமக்குப் பிடித்துப்போனதே இந்தக் குணம்தான்.

சரி, பிடித்ததை ஏன் வீடுவரை தூக்கி வர வேண்டும்? பிடித்த இடம் பெரும்பாலும் வெட்டவெளி. வேறொரு பூனை வரலாம், நாய் வரலாம். தனியாக வேட்டையாடும் சின்ன விலங்கு, எந்த இடம் பத்திரம் என்று நம்புகிறதோ அங்கே இரையோடு போய்ச் சேர்கிறது. அது தூங்குவதும் சாப்பிடுவதும் நம் வீட்டில். வந்த இடத்தில் தட்டில் இதைவிட ருசியானது இருந்தால், எலி அப்படியே கிடந்துவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், பிடித்த இரையில் கால் பங்குக்கும் குறைவாகவே வீடு வந்து சேர்ந்திருக்கிறது. ஏறக்குறைய பாதி, பிடித்த இடத்திலேயே விடப்பட்டது. நமக்குப் பரிசு தருவதுதான் நோக்கம் என்றால் இத்தனையை வழியில் விட்டுவிட்டு வருமா?

தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், அப்புறம் உயிருள்ள இரையையும் கொண்டுவந்து வேட்டை பழக்கும். அது உண்மை. அதை வைத்து, நம்மையும் குட்டியாக நினைத்துச் சொல்லித்தருகிறது என்கிறார்கள். ஆனால் கடுவன் பூனையும் இதையே செய்கிறதே. குட்டி வளர்ப்பில் பொதுவாகக் கடுவனுக்குப் பங்கு கிடையாது. தாய்மையின் சாயல் கொஞ்சம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் போகமாட்டேன்.

இதை நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பரிசு என்று நினைப்பவர்கள் பாராட்டுகிறார்கள், அழுக்கு என்று நினைப்பவர்கள் அடிக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் ஒருமுறை துடைப்பத்தை ஓங்கியிருக்கிறேன். அடுத்த முறை கருப்பி இரையை என் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவரவில்லை. கட்டிலுக்கு அடியில், பெட்டிகளின் சந்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. மூன்றாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். வேட்டை நிற்கவில்லை, என்னை நம்புவது மட்டும் குறைந்துபோனது. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் பலன் தருவது வேறு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் கூட விளையாடினாலே 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதில் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. மணியை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உருட்டித் தள்ளி உணவை எடுக்க வைக்கும் விளையாட்டுப் பாத்திரம் கொடுத்த வீடுகளில் இரை 33 சதவீதம் கூடவே செய்தது.

பாராட்டச் சொன்ன பதிலில் இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. பூனை கவ்விவந்த குருவி உயிரோடு இருந்தால், மேலே காயம் தெரியாவிட்டாலும் பறக்கவிட்டுவிடக் கூடாது. பூனையின் வாயில் உள்ள பாக்டீரியா ஊசி முனையளவு பல் பட்ட இடத்தில் இறங்கினாலே பறவையைக் கொன்றுவிடும். காற்று போகும் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். செத்த எலியை வெறும் கையால் எடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்திருந்தால், அந்த எலியைத் தின்ற பூனைக்கும் ஆபத்து. கேள்வி கேட்ட வாசகருக்கு அடுத்த இதழில் இதையாவது சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் மாலையில் இருட்டும் நேரத்தில், குச்சியில் கயிறு கட்டி, கயிற்று முனையில் இறகு கட்டி கருப்பியோடு விளையாடுகிறேன். சோபாவுக்குப் பின்னால் பதுங்கி, பின்பக்கத்தை ஆட்டி, பாய்ந்து பிடிக்கும். கடைசியில் இறகை அதனிடமே விட்டுவிடுவேன். கவ்விக்கொண்டு, அதே அடைத்த குரலில் கத்திக்கொண்டே கட்டில் பக்கம் போகும்.

இப்படிக்கு,
கருப்பியை வளர்க்கும் வாசகி